முடக்கு வாத வலிக்குத் தசை தளர்த்தும் மாத்திரை பயன்படுமா?

கேள்வியின் சாரம் இது: அம்மாவுக்கு 66 வயது, சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். ஆறு ஆண்டுகளாக முடக்கு வாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்). அந்த நோயை அடக்க வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். கழுத்தும் தோளும் இறுகிப்போய் இரவில் தூக்கம் இல்லை. பக்கத்து மருந்தகத்தில் அனாரெக்ஸ் என்ற தசை தளர்த்தி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த சித்தி இரண்டு அட்டை வலி மாத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர், "டயஸெபாம் அரை மாத்திரை போட்டால் தசையும் தளரும், தூக்கமும் வரும்" என்கிறார். இதில் எது வேலை செய்யும்? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முடக்கு வாத வலி இந்த வகை மாத்திரைகளால் குறைந்ததாக இதுவரை நடந்த ஆய்வுகளில் தெரியவில்லை. தலைசுற்றலும் மந்தமும் வந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவின் வயதுக்கும் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகளுக்கும் டயஸெபாம் வேண்டாம். அனாரெக்ஸைச் சில நாளைக்கு மேல் நீட்ட வேண்டாம். சித்தியின் அட்டையை அதன் பின்புறத்தைப் படிக்காமல் தொடவே வேண்டாம்.

தசை தளர்த்தி என்றதும், மாத்திரை நேரே தோளுக்குப் போய் முடிச்சை அவிழ்ப்பது போன்ற ஒரு படம் மனதில் வரும். அப்படி நடப்பதில்லை. அனாரெக்ஸில் உள்ள ஆர்ஃபெனாட்ரின், இந்திய அட்டைகளில் வரும் குளோர்சாக்ஸசோன், தையோகோல்கிகோசைடு, பக்கவாதத்துக்குப் பின் கைகால் முறுக்கேறியவர்களுக்குத் தரும் பேக்லோஃபென், டயஸெபாம் எல்லாமே முக்கியமாக மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை பார்க்கின்றன. டயஸெபாம், நரம்பு மண்டலத்தைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு வலுவூட்டுகிறது. மொத்த மண்டலமும் தணியும்போது தசைக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது, அவ்வளவுதான். ஆர்ஃபெனாட்ரின் வேதி அமைப்பில் டைஃபென்ஹைட்ரமினுக்கு மிக நெருங்கிய உறவு. சளி, அரிப்பு மருந்து குடித்துவிட்டுச் சோபாவிலேயே தூங்கிப்போவோமே, அதே குடும்பம். ஆகவே "மாத்திரை போட்டதும் இறுக்கம் விட்டுப்போச்சு" என்று ஒருவர் சொன்னால், அதில் தசை எவ்வளவு, அரைத்தூக்கம் எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. ஆராய்ச்சி சிக்கிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்.

முடக்கு வாத வலிக்குத் தசை தளர்த்திகளைச் சோதித்த ஆய்வுகளைத் திரட்டி, ரிச்சர்ட்ஸ், விட்டில், புக்பைண்டர் மூவரும் 2012ல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்புக்காக ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். தேடித் தேடியும் கிடைத்தவை ஆறே ஆய்வுகள். ஆறிலும் சேர்த்து 126 நோயாளிகள். நான்கு ஆய்வுகள் டயஸெபாமைப் பற்றியவை, மொத்தம் 71 பேர். இவை 1970களைச் சேர்ந்தவை. 15 பேரிடம் டிரையசோலாம் என்ற தூக்க மாத்திரையைப் பார்த்த ஆய்வு ஒன்று, 40 பேரிடம் சோபிக்லோன் என்ற இன்னொரு தூக்க மாத்திரையைப் பார்த்த ஆய்வு ஒன்று. இந்த இரண்டும் 1990களில் நடந்தவை. எந்த ஆய்வும் இரண்டு வாரத்தைத் தாண்டவில்லை. மூன்று ஆய்வுகளில் ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்து 24 மணி நேரத்தில் கணக்கை முடித்துவிட்டார்கள். வலியின் அளவிலோ, அன்றாட வேலை செய்யும் திறனிலோ, வாழ்க்கைத் தரத்திலோ வெற்று மாத்திரையை விட மேலான பலன் எதுவும் தென்படவில்லை. வழக்கமான வலி வீக்க மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோதும் அதே நிலைதான்.

பக்கவிளைவுக் கணக்கில் மட்டும் குழப்பமில்லை. ஒரு நாளைக்கு மேல் மருந்து கொடுத்த இரண்டு ஆய்வுகளில், 74 பேரின் தகவலை வைத்துப் பார்த்தால், மூன்று பேருக்கு மருந்து கொடுத்தால் அவர்களில் ஒருவருக்கு மருந்தினாலேயே கூடுதலாக ஒரு பாதிப்பு வந்தது. இந்த மூன்று என்ற எண்ணின் நிச்சயமின்மை 2 முதல் 7 வரை நீள்கிறது. ஏழு பேரில் ஒருவர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பலன் தெரியாத மருந்துக்கு இது அதிக விலை. பாதிப்புகளில் பெரும்பாலானவை தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும்தான்.

இந்த ஆய்வுகளை அப்படியே நம்பலாமா என்றால், அதுவும் முடியாது. ஆறுமே ஒருபக்கச் சாய்வுக்கு அதிக வாய்ப்புள்ளவை என்றுதான் மதிப்பாய்வு தரம் பிரித்தது. எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மில்லிமீட்டர் வலி அளவுகோலில் 10 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், ஆளுக்கு ஆள் வலி ஏறி இறங்கும் திட்ட விலக்கம் 25 என்று வைத்தால், வழக்கமான கணக்கின்படி ஒரு குழுவுக்குச் சுமார் 100 பேர் வேண்டும். இரண்டு குழுவுக்கு 200. அத்தனை ஆய்வையும் கொட்டிச் சேர்த்தாலும் 126தான். நான்கு டயஸெபாம் ஆய்வுகளும் டிரையசோலாம் ஆய்வும் ஒரே ஆளுக்கு மருந்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்த வகை. அந்த முறையில் குறைந்த ஆட்களே போதும் என்பது உண்மை. ஆனால் டயஸெபாம் போன்ற நீண்ட நேரம் உடலில் தங்கும் மருந்துக்கு அந்த முறை பொருந்தாது. முதல் சுற்றில் போட்ட மருந்தின் மிச்சம், வெற்று மாத்திரை சுற்றிலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை, யாருக்கு எந்த மாத்திரை என்பதை மறைக்கவே முடியாதது. காலையில் எழுந்ததும் தலை கனத்தால் மருந்து கிடைத்தது என்று நோயாளியே கண்டுபிடித்துவிடுவார். சோபிக்லோன் இன்னும் மோசம். மறுநாள் வாயில் உலோகக் கசப்பு தங்கும்; தேத்தண்ணியே வேறு மாதிரி இருக்கும். மருந்து கிடைத்துவிட்டது என்று தெரிந்தவர் வலி குறைந்ததாகச் சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். அப்படி ஒரு சாதகம் இருந்தும் வலியில் வித்தியாசம் காட்ட முடியவில்லை என்பதுதான் என் பார்வையில் இந்தச் சிறிய ஆய்வுகள் சொல்லும் முக்கியமான செய்தி.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். டிரையசோலாம் ஆய்வில் தூக்க நேரம் கூடியது, காலை விறைப்பும் ஓரளவு குறைந்தது. தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பது உண்மை என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் 15 பேரிடம், சில நாள்களில் பார்த்த விஷயத்தை வைத்து மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போடக் கூடாது. அந்த வகை மருந்துகளின் தூக்கப் பலன் சில வாரங்களில் மங்கத் தொடங்கும். பழக்கமோ அதற்குள் ஒட்டிக்கொள்ளும்.

இனி அம்மாவின் கழுத்துக்கு வருவோம். முடக்கு வாதத்தில் வலியின் ஊற்று மூட்டுச் சவ்வு. அது வீங்கி, சூடாகி, வேதிப்பொருள்களைக் கொட்டுகிறது. சுற்றியுள்ள தசை அந்த மூட்டை அசையவிடாமல் காவல் காக்க இறுகுகிறது. காவலாளியைத் தூங்க வைப்பதால் வீட்டுக்குள் இருக்கும் தீ அணையாது. கழுத்தில் இது வெறும் உவமை இல்லை. நீண்ட நாள் முடக்கு வாதத்தில் மண்டை ஓட்டுக்குக் கீழே உள்ள முதல் இரண்டு கழுத்தெலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்து, எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை அழுத்தும் நிலை சிலருக்கு வருகிறது. அங்கே தசையின் இறுக்கம் உண்மையிலேயே பாதுகாப்பு. கழுத்து வலி பின்மண்டைக்கு ஏறுகிறதா, விரல்கள் மரத்துப் பொத்தான் போட வரவில்லையா, நடை தள்ளாடுகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றமா, குனியும்போது முதுகில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் தசை தளர்த்தி, மசாஜ், கழுத்தைச் சொடுக்கெடுப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டி, கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். தெரிந்த கையாயிற்றே என்று கழுத்துச் சொடுக்குக்குப் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது.

இப்போது அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துக் கணக்குப் போடுங்கள். அனாரெக்ஸ் ஒரு மாத்திரையில் பாராசிட்டமால் 450 மி.கி., ஆர்ஃபெனாட்ரின் 35 மி.கி. வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை என்றால் பாராசிட்டமால் மட்டும் 2,700 மி.கி. அதை "தசை மாத்திரை" என்று நினைத்துக்கொண்டு, வலிக்குத் தனியாகப் பனடால் (அதுவும் பாராசிட்டமால்தான்) 500 மி.கி. வேளைக்கு இரண்டாக நான்கு வேளை போட்டால் இன்னொரு 4,000. மொத்தம் 6,700 மி.கி. பெரியவர்களுக்கான உச்ச வரம்பே நாளைக்கு 4,000 மி.கி.தான்; எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்புள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைச் சோதிக்கிற மருந்து என்பதை மறக்க வேண்டாம். இந்தத் தவறு சிங்கப்பூரில் மிகச் சுலபமாக நடக்கும். ஒன்று மருந்தகத்தில் பொட்டலமாக வருகிறது, மற்றது வீட்டு அலமாரியில் எப்போதும் இருக்கிறது. இரண்டும் ஒரே சரக்கு என்று பெட்டியைப் பார்த்தால் தெரியாது.

சித்தியின் அட்டையில் பெரும்பாலும் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., குளோர்சாக்ஸசோன் 250 மி.கி. என்று மூன்று பெயர் இருக்கும். அல்லது அசெக்ளோஃபெனாக்கோடு தையோகோல்கிகோசைடு 4 அல்லது 8 மி.கி. மூன்று சிக்கல் உடனே கண்ணில் படுகின்றன. பாராசிட்டமால் மூன்றாவது வாசல் வழியாகவும் நுழைகிறது. அம்மா ஏற்கெனவே ஆர்காக்ஸியா போன்ற வலி வீக்க மாத்திரை சாப்பிட்டால், அசெக்ளோஃபெனாக் அதே இனத்தில் இரண்டாவது: வயிற்றுப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகச் சுமை. சிறுநீரகம் தளர்ந்தால் மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறாமல் தேங்கும். மெத்தோட்ரெக்ஸேட்டோடு ஒரு வலி வீக்க மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் சேர்த்துத் தருவது வழக்கம்தான். ரத்தப் பரிசோதனை இல்லாமல் இரண்டைச் சேர்ப்பதுதான் வினை. வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாத நீல ரத்தக்கட்டு தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது சிக்கல் தையோகோல்கிகோசைடு பற்றியது. உடலில் அது உடையும்போது உண்டாகும் ஒரு பொருள், பிரியும் உயிரணுக்களில் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடியது என்று தெரிந்ததும், ஐரோப்பிய மருந்து முகமை 2013ல் கட்டுப்பாடு விதித்தது. வாய்வழி மாத்திரையானால் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 8 மி.கி., அதிகபட்சம் 7 நாள். நாள்பட்ட நோய்க்குக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை இல்லாமல் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் கூடாது. முடக்கு வாதம் நாள்பட்ட நோய். இதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆர்ஃபெனாட்ரினைப் பொறுத்தவரை, வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கிய பார்வை, சிறுநீர் தேங்குவது, வயதானவர்களுக்குப் புத்திக் குழப்பம் ஆகியவை எதிர்பார்க்க வேண்டியவை. கண் அழுத்த நோயில் சில வகை, புராஸ்டேட் வீக்கம், மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. அதோடு சளி மாத்திரை, சிறுநீர்ப்பை மாத்திரை, மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் எல்லாம் ஒரே திசையில் இழுப்பவை. ஒன்று சேர்ந்தால் அப்பா, அம்மா திடீரென்று பேரனின் பெயரை மறப்பது மறதி நோயாகத் தோன்றும். காரணம் மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும்.

டயஸெபாமுக்கு வயதுதான் கணக்கு. மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய 20 வயதில் சுமார் 20 மணி நேரம், 80 வயதில் சுமார் 90 மணி நேரம். அம்மாவுக்கு 72 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் இரவு ஒன்று போட்டால் முந்தைய நாள்களின் மிச்சம் அடுக்கிக்கொண்டே போய், இரண்டு வாரத்தில் உடலில் இருக்கும் அளவு ஒரு மாத்திரையைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. முதல் இரவு "அரை மாத்திரைதானே" என்று தோன்றியது, பதினைந்தாம் நாள் காலை கழிப்பறை வாசலில் காலை வாரிவிடுவது இப்படித்தான். இந்த வகை மருந்துகள் இடுப்பெலும்பு முறிவு அபாயத்தைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. முடக்கு வாதமும் ஸ்டீராய்டும் எலும்பை ஏற்கெனவே மெலியச் செய்திருக்கும். டிராமடால், கோடின் போன்ற வலுவான வலி மருந்துகளோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் இந்தச் சேர்க்கைக்குத் தன் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. குறட்டைவிட்டு மூச்சு நின்று நின்று தூங்குபவர்களுக்கும், வாதத்தால் நுரையீரல் தழும்பேறியவர்களுக்கும் அதே பயம்தான்.

சிங்கப்பூரில் மருத்துவர்கள் இதைக் கேட்டவுடன் தராததற்குக் காரணம் இருக்கிறது. சுகாதார அமைச்சின் 2008ஆம் ஆண்டு விதிமுறைப்படி, பென்சோடையசெபைன்கள் (டயஸெபாம் வகை மருந்துகள்) குறுகிய காலத்துக்கு, விட்டுவிட்டுப் போடுவதற்கே. மொத்தமாக 8 வாரத்தைத் தாண்டினால் மேற்கொண்டு எழுதாமல் உரிய நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவருவதிலும் வரம்பு உண்டு: பயணிகள் சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாத அளவு வரை மருந்து எடுத்துவரலாம் என்பது பொது விதி. டயஸெபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தனி. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிமாருக்கும் இது பொருந்தும். முதுகு வலிக்கு ஊர் அட்டையைப் போட்டுவிட்டுச் சாரம் ஏறுவது, பாரந்தூக்கி இயக்குவது, லாரி ஓட்டுவது கூடாது. மருந்தகத்தில் தசை மாத்திரை கொடுத்தால் உங்கள் வேலை என்னவென்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்க மறந்திருக்கலாம்.

ஏற்கெனவே டயஸெபாம் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், படித்ததும் பயந்து இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம், நடுக்கம், வலிப்பு வரை போகும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதே பாதுகாப்பு. எந்த இரண்டு வாரத்திலும் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 5 மி.கி. மாத்திரையை இவ்வளவு நுணுக்கமாக உடைக்க முடியாது. 2 மி.கி. மாத்திரைக்கு மாற்றிக் கேளுங்கள். பேக்லோஃபெனையும் இதேபோல் படிப்படியாகத்தான் விட வேண்டும்.

அப்படியானால் அம்மாவின் இரவு வலிக்கு என்ன செய்வது? முதலில் வீக்கம் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறதா, விரல் கணுக்கள் உப்பித் தொட்டால் சூடாக இருக்கின்றனவா என்று ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வாத நோய் நிபுணர் 28 மூட்டுகளைத் தொட்டு எண்ணி, ரத்தப் பரிசோதனையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடுவார். 2.6க்குக் கீழே நோய் அடங்கியது, 3.2 வரை குறைவு, 5.1க்கு மேல் கடுமை. சிகிச்சை மாற்றி மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லை, ஆறு மாதத்தில் இலக்கை எட்டவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. மெத்தோட்ரெக்ஸேட் அளவைக் கூட்டுவதா, ஊசியாக மாற்றுவதா, இன்னொரு மருந்தைச் சேர்ப்பதா என்ற பேச்சு அங்கேதான் நடக்க வேண்டும். டயஸெபாம் ஆய்வுகள் நடந்த 1970களில் இந்த வாய்ப்புகள் பரவலாக இல்லை. அன்று தசை தளர்த்தியைத் தேடியதற்கும், பின்னால் யாரும் பெரிய ஆய்வு நடத்தாததற்கும் அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. முடக்கு வாதம் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் இந்தச் செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) ஓர் ஆண்டு வரம்பு வரை பயன்படும்.

மருத்துவர் ஏற்கெனவே அனுமதித்த வலி வீக்க மாத்திரை இருந்தால், அதே அளவை இரவு உணவுக்குப் பின்னுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். விடியற்கால விறைப்புக்குப் பலருக்கு இதுவே போதும். கழுத்துக்குத் துணியில் சுற்றிய வெப்பப் பை 15 முதல் 20 நிமிடம். தலையணை ஒன்று போதும், இரண்டு அடுக்கினால் கழுத்து மடங்கும். குளிர்சாதனக் காற்று நேரே கழுத்தில் படாமல் கட்டிலைத் திருப்புவது அற்பமாகத் தெரியும். செலவில்லாதது, செய்து பாருங்கள்.

மூட்டு வீக்கம் அடங்கி, ரத்த அறிக்கையும் சீராக இருந்து, உடம்பெல்லாம் வலியும் அசதியும் தூக்கமின்மையும் மட்டும் நீடித்தால் ஃபைப்ரோமயால்ஜியாவும் சேர்ந்திருக்கலாம். முடக்கு வாதம் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அது உண்டு. அதன் சிகிச்சை வேறு: படிப்படியான உடற்பயிற்சி, தூக்க ஒழுங்கு, தேவைப்பட்டால் இரவில் மிகச் சிறிய அளவு அமிட்ரிப்டிலின். மேலே சொன்ன வறட்சியும் குழப்பமும் அதற்கும் உண்டு என்பதால் முதியவர்களுக்கு யோசித்தே தருவார்கள். தூக்கத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது போன்ற புதிய தசைப்பிடிப்புக்கு, மேலே சொன்ன அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், அனாரெக்ஸ் மூன்று நாள் போடுவதில் தவறில்லை. அந்த மூன்று நாளும் பனடாலைப் பூட்டி வையுங்கள், இரவு கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கை எரியவிடுங்கள்.